மேற்பூச்சு வேண்டாம்: சபையில் இன ஒப்புரவுப் பணியைத் தொடங்குகிறவர்களுக்கு

முப்பது வருஷத்துக்கு மேல் புண்களுக்குக் கட்டுப் போட்டவள் நான். வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் சொல்லித்தருவோம்: சீழ் பிடித்த புண்ணின் வாயை மூடவிடாதே. மேல்தோல் கூடிவிட்டால் பார்க்க நன்றாயிருக்கும், நோயாளிக்கும் சந்தோஷம். உள்ளே அழுகல் தன்பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும். அதனால் கீறித் திறந்து, சீழை வெளியேற்றி, குழிக்குள் காஸ் துணி வைத்து, தினமும் எடுத்து மாற்றி, சதை அடியிலிருந்து வளர்ந்து மேலே வரும்வரை காத்திருப்போம். கட்டு மாற்றும் ஒவ்வொரு நாளும் வலிக்கும்.

எரேமியா 6:14-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வார்டுதான் ஞாபகம் வரும். "சமாதானமில்லாதிருந்தும்: சமாதானம் சமாதானம் என்று சொல்லி" ஜனத்தின் காயங்களை "மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்" என்று அங்கே தீர்க்கதரிசிகளுக்கும் ஆசாரியர்களுக்கும் திட்டு விழுகிறது. மேற்பூச்சு. நம் தமிழ் வேதாகமத்தில் எனக்குப் பிடித்த சொற்களில் ஒன்று. சபைகளில் இன ஒப்புரவு (பிரிந்து நிற்கும் இனங்களை மறுபடி ஒன்றுசேர்ப்பது) என்ற பேரில் நடப்பதில் பெரும்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது.

நான் இருப்பது அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், நகரின் நடுவே நிற்கும் ஒரு பழைய சபையில். இருபத்திரண்டு வருஷமாக அங்கம், கடைசி ஆறு வருஷம் ஒப்புரவுக் குழுவிலும் சபையை நிர்வகிக்கும் மூப்பர் குழுவிலும். ஆதியில் அது வெள்ளையர் சபை. இன்று ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிக்குச் சற்று மேல் வெள்ளையர், மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், மீதி எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். எந்த ஓர் இனமும் 80 சதவீதத்தைத் தாண்டாத சபையைப் பல்லினச் சபை என்று சமூகவியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் நாங்கள் எப்போதோ பாஸ். ஆனால் யார் பேச்சு எடுபடுகிறது, யார் கையில் சாவி இருக்கிறது என்று பார்த்தால் கதை வேறு.

இப்படிப்பட்ட சபைகளில் இருக்கும் தமிழர்களுக்குக் கட்டாயம் ஒருநாள் அழைப்பு வரும்: "நீங்கள் இந்தக் குழுவில் இருங்களேன்." நாம் இரண்டு பக்கமும் சேராதவர்கள் என்று இருதரப்பும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அழைக்கப்பட்டவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

விழாவில் தொடங்காதீர்கள்

எங்கள் முதல் முயற்சி ஒரு விழா. 'ஒப்புரவு ஞாயிறு' என்று பேர் வைத்தோம். இன்னொரு பேட்டையிலிருந்து கறுப்பினச் சபையின் பாடகர் குழுவை வரவழைத்தோம். வெள்ளை மூப்பர்கள் கறுப்பின அங்கத்தினரின் கால்களைக் கழுவினார்கள். கட்டிப்பிடித்தோம், அழுதோம், படம் எடுத்தோம், சேர்ந்து சாப்பிட்டோம்.

மறுவாரம் எங்கள் சபையின் மூத்த டீக்கன், எண்பதை நெருங்கும் கறுப்பின அம்மா (மனசுக்குள் நான் அவரை டீக்கனம்மா என்றுதான் கூப்பிடுவேன்), சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "என் காலைக் கழுவியவர் தேம்பித் தேம்பி அழுதார். அவரைத் தேற்ற எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. வீட்டுக்குப் போய்த்தான் யோசித்தேன், இன்றைக்கு யார் யாருக்கு ஊழியம் செய்தோம் என்று."

அந்தப் பேச்சிலிருந்து நாங்கள் எடுத்த முதல் விதி: ஒரு வருஷத்துக்கு மேடை கிடையாது. விசேஷ ஆராதனை, கூட்டு நிகழ்ச்சி, பேனர், படம், எதுவும் வேண்டாம். மத்தேயு 5:23-24-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவுக்கு வருகிறது. உடனே காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு அவன்தான் கிளம்பிப் போகவேண்டும். சகோதரனைப் பலிபீடத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பும்படி அங்கே எழுதியிருக்கவில்லை. நாங்கள் விழா வைத்தது ஆள் அனுப்பியதுதான்.

குழு சேர்ப்பது

ஏழு பேர் போதும், ஒன்பதுக்கு மேல் வேண்டாம். பாதிக்குக் குறையாமல் கறுப்பினத்தவர் இருக்கட்டும், ஆனால் அவர்களை முதலில் தனியாகக் கேளுங்கள், "மாட்டேன்" என்பதற்கு வழிவிட்டுக் கேளுங்கள். எங்களிடம் மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். ஒருவர் சொன்ன காரணம்: "வேலையிடத்தில் வாரம் ஐந்து நாள் இதை விளக்குகிறேன். ஞாயிறு எனக்கு ஓய்வு நாள்." நியாயம்தானே.

போதகர் குழுவில் இருக்கலாம், தலைமை ஏற்கக் கூடாது. போதகர் தலைமை வகித்தால் எல்லோரும் பிரசங்கத்துக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு பேர் சேர்ந்து நடத்தட்டும், அதில் ஒருவராவது கறுப்பினத்தவராக இருக்கட்டும். பதினெட்டு மாதம் என்று காலத்தை எழுதிக்கொள்ளுங்கள். மூப்பர் குழுவிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கவேண்டிய வாக்கு ஒன்று உண்டு: குழு என்ன கண்டுபிடித்தாலும் அதைச் சபைக்கு வாசித்துக் காட்டுவோம். இந்த வாக்கு கிடைக்காவிட்டால் தொடங்காதீர்கள்.

பழைய குறிப்பேடுகள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பெரும்பாலான சபைகள் தாண்டிப் போய்விடும் பகுதியும் இதுதான். உணர்வுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் காகிதங்களைத் தேடுங்கள்.

எங்கள் சபையில், கட்டடத்தைச் சூடாக்கும் கணப்பு அறைக்குப் பக்கத்து நிலவறையில் பதினேழு அட்டைப்பெட்டிகள் இருந்தன. மூப்பர் குழுவின் கூட்டக் குறிப்புகள், அங்கத்தினர் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, நிலப் பத்திரம், கட்டடக் கமிட்டிக் கணக்கு. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து வாசியுங்கள். ஒரு கறுப்பினத்தவரைத் தனியாக அந்தப் பெட்டிகளோடு உட்காரவைக்காதீர்கள். நாங்கள் அந்தத் தப்பைச் செய்து, ஒரு பிள்ளை பாதியில் எழுந்து போய்விட்டாள்.

எதைத் தேடுவது? உங்கள் சபை அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த 1865-க்கு முந்தியது என்றால், பதிவேட்டில் குடும்பப் பேர் இல்லாமல் முதற்பேர் மட்டும் எழுதியிருக்கும் அங்கத்தினர்களைப் பாருங்கள். பக்கத்தில் எஜமானின் பேர் இருக்கும். கறுப்பினத்தவரை உட்காரவைத்த மாடத்துக்குத் தனிப் படிக்கட்டு இருந்ததா என்று கட்டட வரைபடத்தைப் பாருங்கள். பிலதெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தபோதே அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை எழுப்பி இழுத்தார்கள். கூட இருந்த ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் ஒன்றாக வெளியேறினார்கள். ஆலனின் வழியில் 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபை தனிச் சபையாக உருவானது. கறுப்பினச் சபைகள் ஏன் தனியாக இருக்கின்றன என்று கேட்கிறவர்கள் இந்தக் கதையை ஒருதரம் கேட்டால் போதும்.

அடுத்து 1930 முதல் 1960 வரையான பத்திரங்கள். வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை பல நிலப் பத்திரங்களில் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் எழுத்து பத்திரத்தில் அப்படியே கிடக்கும். பிறகு 1960-களின் குறிப்புகள். அப்போது கறுப்பின மாணவர்களும் அவர்களோடு சில வெள்ளை மாணவர்களும் வெள்ளையர் சபைகளுக்கு ஆராதனைக்குப் போனார்கள். உள்ளே விடாதபோது சிலர் வாசற்படியிலேயே முழங்கால் போட்டார்கள். 'நீல்-இன்' என்று அதற்குப் பேர். 1960-இல் அட்லாண்டாவில் இப்படி நடந்தது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 1963-இல் கைதே செய்தார்கள். வாசலில் நிற்கும் உதவியாளர்கள் யாரை எப்படித் திருப்பி அனுப்பவேண்டும் என்று அந்தக் காலத்து மூப்பர்கள் தீர்மானம் போட்டிருப்பார்கள். எங்கள் சபையிலும் 1964-இல் போட்டிருந்தார்கள். ஜெபத்தோடு தொடங்கிய கூட்டம், ஆறு வரித் தீர்மானம், ஜெபத்தோடு முடிந்த கூட்டம். நல்ல கையெழுத்து.

கண்டுபிடித்ததை அறிக்கையாக எழுதிப் பூட்டிவைக்காதீர்கள். பார்சல் கட்டும் பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று வாங்கி, நீளமாக ஒரு கோடு போட்டு, வருஷங்களைக் குறியுங்கள். மேல்பக்கம் நாட்டில் நடந்தது, கீழ்ப்பக்கம் சபையில் நடந்தது. அதன் கீழே அரை அடி வெற்றிடம் விடுங்கள். அங்கத்தினர்கள் தங்கள் வாழ்க்கையை அங்கே எழுதட்டும்: எந்த வருஷம் பிறந்தார்கள், எப்போது இந்த ஊருக்கு வந்தார்கள், எப்போது இந்த வாசலைத் தாண்டினார்கள். ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம். அழிக்கலாம் என்று தெரிந்தால்தான் எழுதுவார்கள்.

எங்கள் சுருள் கூடத்தின் சுவரில் ஒரு வருஷத்துக்கு மேல் தொங்கியது. 1964-க்குக் கீழே வெகுநாள் வெற்றிடம். ஒரு புதன்கிழமை மாலை நாற்காலி அடுக்கப் போனபோது அங்கே ஒரு வரி இருந்தது: "நான் அன்று படியில் நின்றேன். மழை." டீக்கனம்மாவின் கையெழுத்து. சபையில் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் கேட்கவுமில்லை, அவர் விளக்கவுமில்லை.

கேட்கும் வட்டம்

காகிதங்களுக்குப் பிறகுதான் வாய்ப்பேச்சு. முதல் ஆறு வாரம் தனித்தனி வட்டங்கள்: வெள்ளையர் ஒரு அறையில், கறுப்பினத்தவர் ஒரு அறையில், எங்களைப் போன்றவர்கள் இன்னொன்றில். இதைச் சொன்னதும் கண்டிப்பாகச் சத்தம் வரும். "ஒன்றாக்குவதற்குத்தானே வந்தோம், இதுவே பிரிவினை இல்லையா?" என்று ஒரு மூப்பர் எழுந்து நின்றார். அவருக்கு நான் ஆஸ்பத்திரி மொழியில் பதில் சொன்னேன்: கட்டு மாற்றும்போது திரை இழுத்து மறைக்கிறோம், நோயாளியை ஒதுக்கிவைக்கவா? வெள்ளையர் வட்டத்தில் அசட்டுக் கேள்விகளை அங்கேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம், கறுப்பினத்தவர் ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்லவேண்டியதில்லை. கறுப்பினத்தவர் வட்டத்தில் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசவேண்டியதில்லை.

ஏழாம் வாரம் கலந்து உட்காருங்கள். எட்டுப் பேருக்கு ஒரு வட்டம், மேசை வேண்டாம். ஒருவருக்கு மூன்று நிமிஷம். அவர் முடித்ததும் ஒரு நிமிஷ மௌனம். பதில் கிடையாது. 'ஆனால்' கிடையாது. 'எனக்கும் இப்படித்தான் ஒருதரம்' என்பதும் கிடையாது. அழுகை வந்தால் அழலாம், ஆனால் காயம்பட்டவர் எழுந்துவந்து தேற்றும்படி விடக்கூடாது. அதற்கென்றே ஒருவரை நியமித்தோம், அவர் வேலை அழுகிறவரை மெதுவாக வராந்தாவுக்கு அழைத்துப் போவது.

கேள்வி முக்கியம். "இனவெறியை எப்போது அனுபவித்தீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், மீதிப் பேர் டிவியில் பார்த்ததைச் சொல்வார்கள். நாங்கள் பல கேள்விகளைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒன்றில் வந்து நின்றோம்: "இந்தக் கட்டடத்துக்குள் நீங்கள் விருந்தாளி என்று எப்போது உணர்ந்தீர்கள்?" பதில்கள் சின்னச் சின்னவையாக வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்த தன் மகனை மட்டும் வாசல் உதவியாளர் "யாரைத் தேடி வந்தாய்?" என்று கேட்டது. பதினைந்து வருஷ அங்கத்தினரிடம் "முதல்முறை வருகிறீர்களா?" என்று கைகுலுக்கியது. சமையலறைக் கமிட்டியில் மட்டும் பேர் கேட்டு, நிதிக் கமிட்டிக்குக் கேட்காதது.

நம்மவர்களுக்கு ஒரு பேச்சு

நான் நடுவர் என்று நினைத்துத்தான் குழுவில் உட்கார்ந்தேன். நான்காம் கூட்டத்தில் டீக்கனம்மா என்னைப் பார்த்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: "உங்கள் ஊர்ச் சபைகளில் எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடிப்பீர்களா?" திருவிருந்தைக் கேட்கிறார். என் அம்மாச்சியின் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் உண்டு. செத்த கிறிஸ்தவர்களைச் சாதி பார்த்துப் பிரித்த சுவர். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து நாவற்பழம் தின்றிருக்கிறேன். "எங்கள் நாடு ரொம்பப் பெரிசு, இடத்துக்கு இடம் மாறும்" என்று சொல்லித் தப்பித்தேன். ஒரு மாதம் தூக்கம் கெட்டு, அடுத்த கூட்டத்தில் சுவரைப் பற்றியும் நான் அதன் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்பதையும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் தயங்காமல் பேசத் தொடங்கினார்.

எபேசியர் 2:14-இல் 'நடுச்சுவரைத் தகர்த்து' என்று வாசித்துவிட்டு அடுத்தவன் சுவரைத் தேடப் போவது நமக்கு லேசு. கறுப்பினத்தவரைக் குறிக்க நம் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்களை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். குழுவில் உட்காருமுன் சாப்பாட்டு மேசையில் அந்தச் சொற்களை நிறுத்துங்கள். பிள்ளைகள் முதலில் கவனிப்பது அதைத்தான்.

'சிலருடைய பலவீனம்'

எந்தச் சபையிலும் ஒரு கட்டத்தில் இந்த வாதம் வரும்: மெதுவாகப் போகலாம், சிலர் மனது புண்படும். கேட்க அன்பாகத்தான் இருக்கும். அப்போது தென்னாப்பிரிக்காவின் கதையைச் சொல்லுங்கள். 1857-இல் அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் சினோடு, அதாவது அதன் பேரவை, கூடியது. எல்லா இனத்தாரும் ஒன்றாக ஆராதிப்பதே வேதத்துக்கு ஒத்தது, விரும்பத்தக்கது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தினிமித்தம் தனித்தனியாகவும் கூடலாம் என்று அனுமதித்தது. 1881-இல் கலப்பினத்தவருக்கென்று தனிச் சபையே வந்தது. அடுத்த நூற்றாண்டில் நிறவெறி ஆட்சிக்கு வேதாகமத்திலிருந்து நியாயம் எடுத்துக்கொடுத்ததும் அந்த டச்சு சீர்திருத்தச் சபைதான். அப்படிப் பிரித்துவைக்கப்பட்ட சபையே 1982-இல் பெல்ஹார் என்ற இடத்தில் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986-இல் அதை முறையாக ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கமுடியாது என்பது அதன் சாரம்.

ஆகவே பலவீனர் பேச்சு வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தப் பக்கத்துப் பலவீனத்துக்கு இத்தனை வருஷமாக இடம் கொடுத்துவருகிறோம்? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து யூத ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரைத் தனியாக அழைத்துச் சமாதானம் பேசவில்லை, எல்லோருக்கும் முன்பாகக் கேட்டார். கலாத்தியர் 2-ஆம் அதிகாரம். பந்தியிலிருந்து எழுந்துபோனது அவருக்குச் சுவிசேஷப் பிரச்சினையாகவே பட்டது.

அறிக்கையிடுவது

இப்போதுதான் பகிரங்க ஆராதனை. எங்களுக்குப் பதினான்காம் மாதம் வந்தது.

"எங்கள் முன்னோர் செய்ததற்கு நான் ஏன்?" என்ற கேள்விக்கு நெகேமியா முதல் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். எருசலேம் விழுந்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆனபிறகு, பாரசீக அரண்மனையில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று அழுகிறார். இன்னொரு உதாரணமும் சொல்லலாம். அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சண்டையில் பிரிந்து 1845-இல் உருவானது தெற்கத்திய பாப்டிஸ்ட் கன்வென்ஷன். 150 வருஷம் கழித்து, 1995-இல், அடிமைமுறைக்கும் இனவெறிக்கும் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. பிந்தியது என்று சிலர் முணுமுணுத்தார்கள். பிந்தியதுதான், மறுக்கவில்லை.

வாசகம் நான்கு பகுதியாக இருக்கட்டும். இந்தத் தேதியில், இந்தக் குழு, இதைத் தீர்மானித்தது. அது பாவம். அதனால் பாதிக்கப்பட்டவர்கள் இவர்கள், பாதிப்பு இது. நாங்கள் சரிசெய்யத் தொடங்குவது இது, பொறுப்பு இன்னாருக்கு, தேதி இன்னது. 'யாருடைய மனதாவது புண்பட்டிருந்தால்' என்ற சொற்றொடர் வந்தால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுங்கள். வாசிப்பதற்கு ஒரு மாதம் முன்பே காயம்பட்டவர்களிடம் காட்டுங்கள். எங்கள் வரைவில் 'அக்காலத்து வழக்கத்தின்படி' என்று ஒரு வார்த்தை நுழைந்திருந்தது. டீக்கனம்மா அதை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்.

அதே ஆராதனையில் மன்னிப்பைக் கேட்டு வாங்காதீர்கள். 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் இம்மானுவேல் என்ற கறுப்பினச் சபையின் வேதபாட வேளையில் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான் ஒரு வெள்ளையன். இரண்டே நாளில் நீதிமன்றத்தில் அவனைப் பார்த்து "மன்னிக்கிறேன்" என்று சில குடும்பத்தார் சொன்னார்கள். கேட்டவர்களெல்லாம் ஆடிப்போனோம். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை பிரசங்கங்களில் அதைக் கறுப்பினக் கிறிஸ்தவர்களுக்கான அளவுகோலாகத் தூக்கிப்பிடித்தார்கள்! அது அந்தக் குடும்பங்கள் தந்த தானம். வசூலிக்கிற வரியாக அதை ஆக்காதீர்கள். எங்கள் ஆராதனையில் அறிக்கையை வாசித்து, ஒரு புலம்பல் சங்கீதம் வாசித்து, ஆசீர்வாதம் கூறி அனுப்பினோம். கட்டிப்பிடிக்கும் வேளை நிகழ்ச்சிநிரலில் இல்லை.

பாட்டைப் பற்றி இரண்டே வரி. கறுப்பினத்தவர் பாடல்கள் இரண்டைச் சேர்த்து, கைதட்டிவிட்டு, ஒப்புரவு வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பாடல்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் யார் உட்காருகிறார் என்று பாருங்கள்.

பணமும் சாவியும்

அப்போஸ்தலர் 6-இல் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் அதை ஆவிக்குரிய பிரச்சினை என்று சொல்லி உபவாசக் கூட்டம் போடவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து வேலையை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பேர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்திவிசாரணையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

எல்லாரும் தடுமாறும் இடம் இது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியின் கொடுமைகளை விசாரிக்க, பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையிலான உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 1996 ஏப்ரலில் விசாரணைகளைத் தொடங்கியது. 1997 நவம்பரில் சபைகளே வந்து தங்கள் பங்கைச் சொன்னார்கள். உண்மை வெளியே வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு 2003-இல் தலைக்கு 30,000 ராண்ட் என்று ஒருமுறை மட்டும் அறிவிக்கப்பட்டது, ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. காயத்தைத் திறந்துகாட்டியவர்கள் மருந்துக்காகக் காத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், விர்ஜீனியா இறையியல் கல்லூரி 2019-இல் 17 லட்சம் டாலரை ஒதுக்கி வைத்தது. அங்கே அடிமைகளாகவும், பின்னர் இனப்பாகுபாட்டுக் காலத்தில் ஊழியர்களாகவும் உழைத்தவர்களின் சந்ததியாரைத் தேடிக் கண்டுபிடித்து, 2021 முதல் வருஷந்தோறும் பணம் கொடுத்துவருகிறார்கள். லூக்கா 19-இல் வரிவசூல்காரன் சகேயு மரத்திலிருந்து இறங்கியதும் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றானே, அந்த வகை.

எங்கள் கதை சின்னது. பிற்பகல்களில் எங்கள் கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கூடிவந்தது ஒரு சிறு கறுப்பினச் சபை. பதினொரு வருஷம் மாதம் தவறாமல் வாடகை கட்டியவர்கள். அவர்களிடம் சாவி கிடையாது. காவலாளி வரும்வரை வெளியே நிற்பார்கள், மழையானாலும். அந்த வாடகையை என்ன செய்வது என்று எட்டு மாதம் பேசினோம். கடைசியில் அவர்கள் சொந்தக் கட்டடத்துக்குச் சேர்த்துவந்த நிதிக்கு முழுத்தொகையையும் திருப்பிக் கொடுத்தோம். ஓரத்தனைதான். சகேயுவுக்கு முன்னால் நாங்கள் கஞ்சர்கள். பணத்தோடு நிபந்தனை எதுவும் போகக்கூடாது, எப்படிச் செலவழித்தீர்கள் என்று கணக்குக் கேட்கக்கூடாது என்பதை எழுதிக் கையெழுத்திட்டோம். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகச் சண்டை நடந்தது.

இதற்குள் சிலர் போய்விடுவார்கள். எங்களிடம் பன்னிரண்டு குடும்பங்கள் போயின, காணிக்கை இறங்கியது, போதகர் இளைத்துப்போனார். இதை முதல் மாதமே மூப்பர் குழுவிடம் சொல்லிவையுங்கள். போகிறவர்களைத் திட்டாதீர்கள், பின்னால் ஓடவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இன்றும் ஒருவர் சபையில் அவமானப்படுத்தப்படுகிறார் என்றால் அதற்கு இந்தக் குழு இடமில்லை. அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய காரியம். முறையாகப் புகார் எடுத்து விசாரியுங்கள். "முதலில் அவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள்" என்று மத்தேயு 18-ஐக் காட்டிப் பலமில்லாதவரைப் பலமுள்ளவரின் அறைக்குள் தனியாக அனுப்புவது கொடுமை.

வருஷத்துக்கு ஒருதரம் சுருளை விரித்து மூன்றைக் கணக்கெடுக்கிறோம்: நிதிக் கமிட்டியில் யார், கடந்த வருஷம் பிரசங்க மேடையில் யார் யார் எத்தனை தடவை, சாவிகள் யாரிடம். முதல் வருஷம் எண்ணியபோது பதினான்கு சாவிகளில் பதின்மூன்று வெள்ளையர் கையில், ஒன்று காவலாளியிடம். இப்போது டீக்கனம்மாவிடம் ஒன்று, பிற்பகல் சபையின் போதகரிடம் ஒன்று, இளைஞர் குழுவில் இரண்டு, என் கைப்பையில் ஒன்று. கணப்பு அறைச் சாவி மட்டும் நாற்பது வருஷமாக ஒரே மூப்பரிடம் இருக்கிறது. பழைய பெட்டிகளை எடுக்க அவர் வந்து திறந்துவிட வேண்டியிருந்தது. நல்ல மனிதர்தான், யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இந்த மாதம் கேட்பது என் முறை.